மான் தின்ற கணிதக் கொப்பி

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் ஆசிரியர் ஓய்வறையில் யாராவது உங்களுக்குச் சொல்லத்தான் போகிறார்கள், அவர்கள் வாயில் கதைக்குக் கையும் காலும் முளைத்துவிடும். திருகோணமலை நகரத்தில் ஒரு மாணவியின் கணிதக் கொப்பியை மானுக்குத் தீனியாகக் கொடுத்த ஆசிரியர் என்று யாராவது இருந்தால், அது நான்தான்.

புதிதாக நியமனம் எடுத்து வந்திருக்கிற தம்பி, தங்கச்சிமாரே, உங்களில் சிலர் வெளி மாவட்டம். உங்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இந்த ஊரில் மான் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. பஸ் நிலையத்தடியில் படுத்திருக்கும். கடற்கரையில் பிள்ளைகளின் கையில் இருக்கும் கச்சான் கடலையைப் பிடுங்கும். மரக்கறிக் கடைக்காரர் தடியோடுதான் வியாபாரம் செய்வார். இலை, தழை, பாண், வாழைப்பழத் தோல் எல்லாம் தின்னும். கடதாசியும் தின்னும். அதனால் மற்ற ஊர்ப் பிள்ளைகள் வீட்டுவேலை செய்யாமல் வந்தால் வயிற்றுக்குத்து, காய்ச்சல் என்று சாட்டுச் சொல்வார்கள். எங்கள் பிள்ளைகள் வெகு சாதாரணமாக, "மான் திண்டுட்டுது சேர்" என்பார்கள்.

என் சேவைக்காலம் முழுக்க அந்தச் சாட்டை நான் ஏற்றுக்கொண்டதே கிடையாது. "அப்ப அந்த மானைக் கூட்டிக்கொண்டு வா, கேப்பம்" என்பேன். வகுப்பு சிரிக்கும். எனக்குப் பெரிய பகிடிக்காரன் என்ற நினைப்பு. இந்த வசனத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

கொப்பியின் சொந்தக்காரி நிரோஷா. அன்புவழிபுரத்துப் பிள்ளை. தாய் தங்கள் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருந்தார். நிரோஷாவின் கணிதக் கொப்பி ஒரு காட்சிப் பொருள். தலைப்புக்குச் சிவப்பு, உபதலைப்புக்குப் பச்சை, விடைக்குக் கீழே அடிமட்டம் வைத்து இரட்டைக் கோடு. நான் கரும்பலகையில் ஒரு புள்ளி பிழையாக வைத்தால் அந்தப் புள்ளியும் அவள் கொப்பியில் அழகாக இருக்கும். அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய், "கணிதம் படிக்கிறதெண்டால் இப்பிடிப் படிக்கோணும்" என்று காட்டியிருக்கிறேன்.

அந்தக் கொப்பிக்காரிதான் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் சித்தியடையவில்லை.

எனக்கு அதிர்ச்சி. ஆனால் நான் ஆசிரியன் அல்லவா, காரணம் உடனே கண்டுபிடித்துவிட்டேன். "பயம்" என்றேன். "பரீட்சை மண்டபத்தில பயந்திட்டாள்." எல்லாரும் தலையாட்டினார்கள். கணித ஆசிரியர் வாயிலிருந்து வரும் எதற்கும் மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அது இந்தத் தொழிலில் இருக்கிற பெரிய ஆபத்து.

அதிபரிடம் அனுமதி வாங்கி, அடுத்த வருடப் பிள்ளைகளோடு நிரோஷா மறுபடி என் வகுப்பில் வந்து இருந்தாள். தன்னைவிட ஒரு வயது குறைந்தவர்களுக்கு நடுவில், கடைசி வரிசை வாங்கில். கணிதம் சித்தியில்லாமல் உயர்தரத்தில் அவள் ஆசைப்பட்ட பிரிவுக்குள் காலெடுத்து வைக்க ஏலாது. தாய் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த முறையும் விட்டாயெண்டால் மெசினில இருக்கலாம். அதுக்குக் கணக்குப் பரீட்சை ஒருத்தரும் வைக்கமாட்டினம்." பிள்ளைக்குத் தையல் பிடிக்காது. ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னாலே எழும்பிப் போய்விடுவாளாம். ஆகவே அவள் என்ன செய்தாள்? புதுக் கொப்பி வாங்கி, பழையதைவிட அழகாக எழுதினாள். நான் என்ன செய்தேன்? அதைவிட அதிகமாகப் புகழ்ந்தேன்.

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து ஆசிரிய ஆலோசகர் வருகிறார் என்று தகவல் வந்தது. அவருக்குக் காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? என் கற்பித்தலையா? சீ. நிரோஷாவின் கொப்பி இருக்கிறதே.

"பிள்ளை, கொப்பியை ஒருநாளைக்குத் தா. நாளைக்கு வாற பெரியவருக்குக் காட்டிட்டுத் தாறன்."

அவள் உடனே தரவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு யோசித்தாள். "கவனம் சேர்" என்றாள்.

"நான் என்ன சின்னப்பிள்ளையா?" என்றேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி சொன்னபடி இரண்டு கட்டு பொன்னாங்காணி வாங்கினேன். கையில் ஒரே ஒரு பை. கொப்பியும் கீரையும் ஒரே பைக்குள். பையை மோட்டார் சைக்கிளின் கைபிடியில் கொழுவிவிட்டு, பஸ் நிலையத்தடிக் கடையில் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தேன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு மனுசன் செய்கிற வேலையா இது? மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்யாது. ஆனால் அன்று கிரிக்கெட் தோல்வி பற்றிய கதை சூடாக இருந்தது, எனக்கும் அதில் கருத்து இருந்தது.

"சேர், உங்கட பையில மான்" என்றார் கடைக்காரர்.

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். "ஓமோம், கேட்டுப் பாருங்கோ, அதுக்கும் ஒரு பிளேன்டீ" என்றேன்.

திரும்பிப் பார்த்தால், கொம்பு வைத்த பெரிய ஆண் மான். கீரை ஏற்கெனவே முடிந்துவிட்டது. இப்போது அது நிதானமாக, ஆசிரியர் விடைத்தாள் திருத்துகிற மாதிரி, ஒவ்வொரு பக்கமாகத் தின்றுகொண்டிருந்தது. நான் ஓடிப்போய் கொப்பியின் மறுகரையைப் பிடித்து இழுத்தேன். மான் தன் கரையை இழுத்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். "விடுங்கோ சேர், அதுவும் பாஸ் பண்ணட்டும்!" என்று ஒரு முச்சக்கரவண்டிக்காரத் தம்பி கத்தினான். என்னிடம் படித்தவனாகத்தான் இருக்கவேண்டும், குரலில் பழிவாங்கும் சந்தோசம் இருந்தது.

கடைசியில் மான் வென்றது. எனக்குக் கிடைத்தது ஒரு பக்கத்தின் மூலை மட்டும். அதில் நிரோஷாவின் அழகான கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: "ஆகவே".

ஆகவே, அடுத்த நாள் காலை, ஆலோசகருக்குக் காட்ட ஒன்றும் இல்லாமல், வகுப்பில் நின்றேன்.

எப்படித் தொடங்குவது? சுற்றி வளைத்துப் பார்த்தேன். "ஒரு எதிர்பாராத சம்பவம்..." என்றேன். "நிரோஷாவின்ட கொப்பிக்கு..." என்றேன். ஒரு வழியும் இல்லை. "மான் திண்டுட்டுது" என்றேன்.

நடு வாங்கில் இருந்து ஒரு குரல், மிக மரியாதையாக: "அப்ப அந்த மானைக் கூட்டிக்கொண்டு வாங்கோ சேர், கேப்பம்."

கூரை பறக்கிற மாதிரிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? ஆனால் கடைசி வாங்கில் ஒருத்தி சிரிக்கவில்லை. இடைவேளையில் வந்து என் மேசையடியில் நின்றாள்.

"அதுக்குள்ளதான் சேர் எல்லாம் இருந்தது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

குற்ற உணர்வு ஒரு மனுசனை என்ன செய்யும் தெரியுமா? அவன் எப்போதும் செய்கிற பிழையை இன்னும் மும்முரமாகச் செய்ய வைக்கும். நான் புதுக் கொப்பி ஒன்றும், நாலு நிறப் பேனையும் வாங்கிக்கொண்டு ஓய்வறையில் உட்கார்ந்து, அவளுக்காக முழுக் கொப்பியையும் திரும்ப எழுதத் தொடங்கினேன். சிவப்புத் தலைப்பு, பச்சை உபதலைப்பு, இரட்டைக் கோடு, ஒன்றையும் விடவில்லை.

எனக்கு எதிர்க்கதிரையில் விஞ்ஞான மிஸ் இருப்பார். கிண்ணியாவில் இருந்து வருகிறவர். பெயரைச் சொன்னால் அடிக்க வருவார், ஆகவே விஞ்ஞான மிஸ் என்றே வைத்துக்கொள்வோம். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சேர், சித்திர வகுப்பா?"

விஷயத்தைச் சொன்னேன். வடையைக் கடித்தபடி கேட்டார். பிறகு சொன்னார்: "அந்த மான் ஒரு நல்ல வேலை செய்திருக்கு. நீங்கள் இடையில பூந்து கெடுக்காதேங்கோ."

"என்ன மிஸ் சொல்லுறீங்க?"

"கொப்பி போயிட்டுது. பிள்ளையிட்ட என்ன மிச்சம் இருக்கெண்டு கேட்டீங்களா? நான் பலகையில இதயத்த வரைஞ்சா எல்லாரும் அச்சொட்டாக் கீறுவாங்க. பலகையை அழிச்சுப்போட்டுக் கீறச் சொன்னா ரெண்டு பேர் மாங்காய் கீறுவாங்க, ஒராள் கத்தரிக்காய் கீறுவான்." வடையை முடித்தார். "முதல்ல அழிச்சுப்போட்டுப் பாருங்க சேர்."

அவர் பிறகு சம்பளம், இடமாற்றம் என்று வேறு கதைக்குப் போய்விட்டார். என்னிடம் அந்த வரி நின்றுவிட்டது.

நிரோஷாவைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தேன். "மான் கொப்பியைத்தான் திண்டது, உன்ட தலையைத் தின்னேல்லத்தானே. கப்பல் கணக்கு ஒண்டு செய்திருக்கிறம், அதை எழுது பாப்பம்." உயரத்தில் நின்று ஒருவன் கடலில் இருக்கிற கப்பலைப் பார்க்கிறான், அதன் தூரம் என்ன என்கிற கணக்கு. துறைமுக ஊரில் அதைச் செய்யாத கணித ஆசிரியன் இல்லை. நான் அதைப் பலகையில் செய்தபோது அவள் ஒரு வரியும் விடாமல் எழுதியிருந்தாள்.

அவள் தாளை நேராக வைத்தாள். "திரிகோண கணிதம்" என்று எழுதி அடியில் கோடு போட்டாள். "தீர்வு" என்று எழுதி அதற்கும் கோடு போட்டாள். பிறகு பேனை நின்றது. நின்றது நின்றதுதான்.

"ஏன் பிள்ளை?"

"ரெண்டாவது வரியில தான்சன் வரும் சேர். முதல் வரிதான் ஞாபகத்துக்கு வருதில்ல."

தம்பிமாரே, எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. அந்த முதல் வரியை நான் ஒருநாளும் பலகையில் எழுதியதே இல்லை. எங்கே படம் கீறுவது, எந்தக் கோணத்தைப் பிடிப்பது, ஏன் தான்சன் விகிதம், ஏன் சைன் இல்லை? அதெல்லாம் முதல் நாள் பின்னேரம் என் வீட்டில், என் மண்டைக்குள் நடந்து முடிந்துவிடும். வகுப்புக்கு நான் கொண்டுவந்தது சமைத்து, கறி ஊற்றி, பிசைந்த சோறு. "விளங்கிச்சுதா?" என்று கேட்பேன். "ஓம் சேர்!" என்பார்கள். ஒரு கணித வகுப்பில் சொல்லப்படும் மிகப் பெரிய பொய் அந்த "ஓம் சேர்". அவர்கள் பொய்யென்று தெரிந்து சொல்வதில்லை, அதுதான் சிக்கல். விடையைப் பார்த்துக்கொண்டு இருக்கையில் எல்லாருக்கும் எல்லாம் விளங்கும்.

ஜன்னலால் கடல் தெரிந்தது. ஒரு கப்பல் உள்ளே வரக் காத்துக்கொண்டு நின்றது. "நீ கோட்டைப் பாறையில நிண்டு அந்தக் கப்பலைப் பாக்கிறாய் எண்டு வை. கோணம் எங்க இருக்கு?"

அவள் பாறையின் அடியைக் காட்டினாள். அவசரப்பட்டுத் திருத்த வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் கையைக் கண்ணுக்கு நேரே நீட்டினாள். பிறகு மெதுவாகக் கப்பலை நோக்கிக் கீழே இறக்கினாள். நின்றாள்.

"இஞ்ச சேர்" என்றாள். "கண்ணடியில."

அன்று அவள் ஒரு கணக்குத்தான் செய்தாள். அதுவும் கோணல்மாணலாக. ஆனால் முதல் வரி அவளுடையது.

இவ்வளவும் நல்லபடியாகப் போகையில் தாய் பாடசாலைக்கு வந்துவிட்டார். கழுத்தில் அளவுநாடா கிடந்தது, வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"சேர், வகுப்பில வேற பிள்ளையளின்ட கொப்பி இருக்குந்தானே. ஒண்டை போட்டோ கொப்பி அடிச்சுத் தாங்கோ."

"அது வேண்டாம் அம்மா."

"ஏன் வேண்டாம்?"

"தந்தால் அவ திரும்பவும் பாத்து எழுதுவா. வடிவா எழுதுவா. போன வருசமும் அப்பிடித்தானே..."

"சேர் கொப்பியை மானுக்குக் குடுத்திட்டு, இப்ப கொப்பியே தேவையில்லை எண்டுறியள். நல்ல கதையா இருக்கே இது!"

கேட்க எனக்கே அப்படித்தான் இருந்தது. ஆசிரியனுக்கு இக்கட்டு வந்தால் உதாரணம் தேடுவான். நானும் தேடினேன். "இப்ப பாருங்கோ அம்மா, நீங்கள் வேற ஆக்கள் தைச்ச சட்டையைப் பாத்துப் பாத்தே தையல் பழகினனீங்கள்?"

"ஓம். அப்பிடித்தான் பழகினனான்."

உதாரணம் சொல்கிறபோது எதிரில் நிற்பவரின் தொழிலில் இருந்து எடுக்காதீர்கள். இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். முன்னோடிப் பரீட்சை வரும்வரை என் வழி. அதில் புள்ளி குறைந்தால் அன்றைக்கே கொப்பி வரவேண்டும். "சேர் சொன்ன சொல்" என்று விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார். அதிபர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மறுபடி விட்டால் பிள்ளையின்ட பேரைச் சொல்லமாட்டினம், உங்கட பேரைத்தான் சொல்லுவினம்" என்றார், மிக அன்பாக.

அதற்குப் பிறகு வகுப்பு மாறியது. எனக்குத்தான் அதிக கஷ்டம். கணக்கைக் கொடுத்துவிட்டு நான் பேசக்கூடாது. நானோ தூக்கத்திலும் பேசுகிற ஆள். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். கணக்கை எழுதியதும் ஒரு தோடம்பழ இனிப்பை வாயில் போட்டுக்கொள்வேன். அது கரைந்து முடியும்வரை வாய் திறக்கமாட்டேன். கடிக்கவும் மாட்டேன். பிள்ளைகள் விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். "சேர் இனிப்புப் போட்டிட்டார், யோசியுங்கடா!" என்று ஒருவன் அறிவிப்பான். அவர்களின் புள்ளி ஏறியதோ இல்லையோ, எனக்குச் சீனி ஏறியது. மருத்துவர் காரணம் கேட்டார். "திரிகோண கணிதம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

கடந்தகால வினாத்தாள் புத்தகங்களின் பின்னால் இருக்கிற விடைப் பக்கங்களை எல்லாம் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தேன். அடுத்த நாள் பாதிப் புத்தகங்களில் கம்பி கழன்றிருந்தது. "மானா?" என்று கேட்டேன். "ஓம் சேர்" என்றார்கள் கூசாமல். சரி, களவாய்ப் பார்த்தவர்களுக்கு ஒரு விதி வைத்தேன்: பார், ஆனால் பார்த்தபின் மூடிவைத்துவிட்டு முதலில் இருந்து செய். இரண்டு நாள் கழித்து அதே கணக்கைத் திரும்பவும் செய். அதே தலைப்பில் பத்துக் கணக்குத் தொடர்ந்து செய்யாதே, கலந்து செய். பரீட்சைத் தாளில் இது எந்தப் பாடம் என்று தலைப்புப் போட்டுத் தரமாட்டார்கள்.

நிரோஷாவுக்கு மட்டும் இன்னொரு வேலை. அழகான கொப்பி இனி இல்லை. பத்து ரூபாய்ப் பேனை ஒன்று, மலிவான கொப்பி ஒன்று. இடது பக்கத்தில் அவள் செய்த பிழை, வெட்டாமல், அழிக்காமல். வலது பக்கத்தில் ஏன் பிழைத்தது என்று அவளுடைய சொந்தப் பேச்சில் ஒரு வரி. "சைபரால் பிரிச்சிட்டன், பைத்தியம்." "கேள்வியை முழுக்க வாசிக்காமப் பாய்ஞ்சிட்டன்." "சேர் சொன்னதைக் கேட்டன், சேரும் பிழை." கடைசியாகச் சொன்னதைச் சரிபார்த்தேன். நானும் பிழைதான்.

முன்னோடிப் பரீட்சை வந்தது. நிரோஷாவின் புள்ளி, போன தவணையைவிடக் குறைவு.

அன்று பின்னேரமே தாயின் அழைப்பு வந்தது. "சேர் சொன்ன சொல்" என்றார். வைத்துவிட்டார்.

நான் வீரன் இல்லை. வகுப்பில் நன்றாக எழுதுகிற இன்னொரு பிள்ளையின் கொப்பியை வாங்கிக்கொண்டு, நேரே போட்டோ கொப்பிக் கடைக்குத்தான் போனேன். வழியில் ஒரு மான் என்னைப் பார்த்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கடையில் சனம். என் முறை வரும்வரை சும்மா நிற்க ஏலாமல், கொப்பிக்குள் செருகி வைத்திருந்த நிரோஷாவின் இரண்டு விடைத்தாள்களையும் எடுத்துப் பார்த்தேன். போன தவணையினது, இந்த முறையினது.

போன தவணைத் தாளில் அவள் பாடமாக்கியிருந்த நாலைந்து கணக்குகள் அச்சடித்த மாதிரி இருந்தன. முழுப் புள்ளி. மற்ற எல்லாம் வெள்ளை. ஒரு கோடுகூட இல்லை. இந்த முறைத் தாளில் வெள்ளை இடமே இல்லை. எல்லாக் கேள்வியையும் தொட்டிருந்தாள். பெரும்பாலும் பிழை. படம் சரி, பிரதியிட்டதில் பிழை. சமன்பாடு சரி, தீர்க்கையில் நேரம் போதவில்லை. ஒன்றில் கடைசி வரியில் கூட்டல் பிழை. போன முறை முழுப் புள்ளி எடுத்த கணக்குகளில்கூட இம்முறை ஒன்றிரண்டு குறைந்திருந்தது, பாடமாக்கிய வரிகளை விட்டுவிட்டுச் சொந்தமாகச் செய்ததால்.

"எத்தினை பக்கம் சேர்?" என்றான் கடைக்காரன்.

இந்த இடத்தில்தான் உங்களுக்குச் சொல்லவேண்டியது இருக்கிறது. புள்ளியைப் பார்த்தால் நான் தோற்றுவிட்டேன். தாளைப் பார்த்தால் அப்படி இல்லை. எதை நம்புவது? எனக்கும் உறுதியாகத் தெரியாது. பிழையாய்ப் போனால் மெசினில் இருக்கப்போவது நான் இல்லை, அந்தப் பிள்ளை. பின்னால் நின்றவர் "அண்ணே, கெதியா" என்றார்.

"ஒண்டும் வேண்டாம் தம்பி" என்றேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கொப்பியையும் தாள்களையும் தூக்கிக்கொண்டு அன்புவழிபுரத்துக்குப் போனேன். தையல் கடையில் வெட்டுகிற மேசையின் மேல் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். இந்த முறை உதாரணம் ஒன்றும் சொல்லவில்லை.

தாய் குனிந்து பார்த்தார். "இதில சிவப்புக் கோடு கூடுதலா இருக்கு."

"ஓம் அம்மா. எழுதின இடத்திலதானே கோடு போடலாம். வெறுந்தாளில என்னத்தைத் திருத்துறது?"

"எல்லாம் பிழைதானே சேர்."

"பிழைதான். ஆனா ஒவ்வொண்டும் எங்க பிழைச்சதெண்டு அவவுக்குத் தெரியும். வேணுமெண்டால் கூப்பிட்டுக் கேளுங்கோ. தெரியாதெண்டால், நான் கையோட கொண்டுவந்த இந்தக் கொப்பியை இப்பவே வைச்சிட்டுப் போறன்."

கூப்பிடத் தேவைப்படவில்லை. நிரோஷா கதவுச் சீலைக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். வெளியே வந்தாள். தாளைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு சிவப்புக் கோட்டிலும் விரலை வைத்தாள். "இதில பிரதியிட்டது பிழை. இதில நேரம் போயிட்டுது. இது சும்மா மொக்குத்தனம்." அடிவரைக்கும் போனாள். நான் கொண்டுவந்த கொப்பியைத் தூக்கி என் கையில் தந்தாள்.

"எனக்கு இது வேண்டாம் அம்மா."

தாய் மகளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்த பார்வையில் இருந்த மரியாதை என்னைப் பார்க்கையில் இல்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ சேர்" என்றார். போட்டோ கொப்பிக் கதை அதோடு முடிந்தது.

பரீட்சையன்று நான் மண்டபத்துக்கு வெளியே வாகை மரத்தடியில் நின்றேன். நிற்கத் தேவையே இல்லை, ஆனால் வீட்டில் இருந்தால் மனைவியோடு சண்டை வந்திருக்கும். பிள்ளைகள் வெளியே வந்தார்கள். சிலர் துள்ளிக்கொண்டு, சிலர் அழுதுகொண்டு. நிரோஷா இரண்டும் இல்லாமல் வந்தாள்.

"தெரியாத கணக்கு ஒண்டு வந்தது சேர். நாங்கள் செய்யாத மாதிரி. கோபுரமும் இல்ல, கப்பலும் இல்ல, என்னமோ ஒரு பாலம்."

"என்ன செய்தாய்?"

"கொஞ்ச நேரம் நிண்டன். பிறகு படம் கீறினன். பிறகு போனன்."

"சரியா வந்ததா?"

"தெரியாது சேர்" என்றாள். தன் பையில் கையை விட்டு ஒரு தோடம்பழ இனிப்பை எடுத்து எனக்குத் தந்தாள்.

பெறுபேறு வந்தபோது கணிதத்துக்கு வெறும் சித்தி அல்ல, திறமைச் சித்தி. தாய் பாடசாலைக்கு நேரே வந்தார். கையில் இரண்டு கட்டுப் பொன்னாங்காணி. "வீட்டு வளவில பிடுங்கினது சேர். தயவுசெய்து நேரே வீட்டுக்குக் கொண்டுபோங்கோ." விஞ்ஞான மிஸ் பக்கத்தில்தான் இருந்தார். அவர் சிரித்த சிரிப்பு அடுத்த கட்டடத்துக்குக் கேட்டது.

நிரோஷா நினைத்த பிரிவுக்குப் போனாள். நான் ஓய்வு பெற்றேன். இப்போது உங்கள் முன்னால் நிற்கிறேன், உங்களில் சிலர் நான் பேசுவதைச் சொல்லுக்குச் சொல் வடிவாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதைக் கவனிக்கிறேன். தயவுசெய்து பேனையை வையுங்கள். வீட்டுக்குப் போய் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். மானைத் தேடிப் போகவேண்டாம், அவற்றுக்கும் செரிமானம் இருக்கிறது. பிள்ளையிடம் "விளங்கிச்சுதா?" என்று கேட்காதீர்கள், பலகையை அழித்துவிட்டுச் சோக்கை அவர்கள் கையில் கொடுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். சீனி வருத்தம் இருந்தால் இனிப்புக்குப் பதிலாகக் கராம்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு உங்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரு பொருள் கொண்டுவர ஆசைப்பட்டேன். நிரோஷாவின் அந்த மலிவான கொப்பி, பிழைகளை எழுதிய அந்த அலங்கோலக் கொப்பி. அதை அவள் இன்னும் வைத்திருக்கிறாள் என்று தாய் சொன்னார். நேற்று அவளுக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். புது ஆசிரியர்மாருக்கு இது எவ்வளவு பயன்படும், இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவும், ஒரே ஒரு நாளைக்குத் தந்தால் போதும், மிகப் பத்திரமாகத் திருப்பித் தருவேன், வழியில் எங்கும் இறங்கமாட்டேன், கீரை வாங்கமாட்டேன் என்றெல்லாம் எழுதினேன்.

உடனேயே பதில் வந்தது.

"ஏலாது சேர்."